ஒன்பதுக்கு அடங்காத லட்சம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் மலைமேல் தீபம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, "இந்த வருஷம் எழுதிடறேன் அண்ணாமலையாரே" என்பேன். மறுநாள் நோட்டை எடுப்பேன், தேதி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சோம்பல் இல்லை, வெட்கம். நான் செய்த ஒரு தவறை நானே என் கையால் எழுத வேண்டுமே என்ற வெட்கம். இப்போது நீங்கள் நாலு பேர் புதிதாக எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் உட்கார்ந்த அதே ஜன்னலில் உட்காரப் போகிறீர்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிரிவலப் பாதையில் இருந்த நம் அறக்கட்டளையில் சேர்ந்தேன். அப்போது அங்கே புது மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்கு நடுவில் ஒரு நிலவறை. ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் 'நமசிவாய' நோட்டுகளை அதில் அடுக்கி, மேலே கற்பலகை போட்டு மூடிவிட வேண்டும். மூடினால் மூடினதுதான், பிறகு திறக்கவே கூடாது. ஒரு கோடி நாமம் சேர வேண்டும் என்பது சங்கல்பம். எத்தனை சேர்ந்தது என்று அந்தப் பலகைமேலேயே எண்ணை வெட்டுவதாக ஏற்பாடு.

நோட்டை நாங்களே அச்சடித்துக் கொடுத்தோம். ஒரு பக்கத்தில் குறுக்கே ஒன்பது கட்டம், கீழே பன்னிரண்டு வரிசை. ஆக நூற்றெட்டு. ஒரு நோட்டுக்கு நூறு பக்கம், அதாவது பத்தாயிரத்து எண்ணூறு நாமம். எழுதி முடித்தவர்கள் கட்டாகக் கட்டி, மேலே மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். நூற்றெட்டை எத்தனையால் பெருக்கினாலும், வரும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதுதான் வருகிறது. பதினெட்டோ இருபத்தேழோ வந்தாலும் அதை மறுபடி கூட்டினால் ஒன்பது. பத்தாயிரத்து எண்ணூறைக் கூட்டினால் ஒன்பது. அறுபத்து நாலாயிரத்து எண்ணூறைக் கூட்டினால் பதினெட்டு, அதைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பதால் வகுபடும் எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது தூங்கியிருப்பேன். எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை. சிவனே ஒவ்வொரு கட்டின் மேலும் முத்திரை குத்தி அனுப்புகிறார் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கட்டு வந்தது. மேலே 32,500 என்று போட்டிருந்தது. கூட்டினேன், பத்து, அதாவது ஒன்று. "இது தப்பு" என்றேன். கொண்டுவந்த வாத்தியார் சிரித்தார். பிரித்து எண்ணினோம். சரியாக மூன்று நோட்டு, முப்பத்திரண்டாயிரத்து நானூறு. "ஒரு நூறுதானே, ரவுண்டா இருக்கட்டும்னு போட்டேங்க" என்று தலையைச் சொறிந்தார்.

அன்றிலிருந்து என் பேச்சுக்கு அலுவலகத்தில் மரியாதை. ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மர அலமாரியில் 'சந்தேகம்' என்று சீட்டு ஒட்டினேன். ஒன்பது வராத கட்டெல்லாம் அதற்குப் போகும்; கொண்டுவந்தவர் வந்து எண்ணைத் திருத்திக் கொடுத்தால்தான் பதிவேட்டில் ஏறும். வருபவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்றே தோன்ற ஆரம்பித்தது. பஸ் நம்பரைக் கூட்டினேன், வீட்டுக் கரண்டு மீட்டரைக் கூட்டினேன். என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "எனக்கு இந்த ஆடியோட முப்பத்தெட்டு. கூட்டினா பதினொண்ணுதான் வருது. என்னையும் அலமாரில தூக்கி வெச்சிடுவீங்களா?"

இதற்கு நடுவில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஐந்து நோட்டுக்கு 54,000 என்று எழுத வேண்டிய இடத்தில் நானே 45,000 என்று மாற்றி எழுதிவிட்டேன். கூட்டினால் அதுவும் ஒன்பதுதான். என் ஒன்பது வாயே திறக்கவில்லை. நாலு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றே அதைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மண்டபம் முடியும் தறுவாயில், பலகை போட மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு அம்மா வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம். பெயர் பச்சையம்மாள். தலையில் துணி மூட்டை, அதற்குள் பத்து நோட்டு.

"மொத்தம் எவ்ளோம்மா?"

"லட்சங்க."

"லட்சத்துச் சில்லறை எவ்ளோ?"

"சில்லறை இன்னா சில்லறை? லட்சம். ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

எனக்குள் சிரிப்பு வந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து சைபர். கூட்டினால் ஒன்று. "அப்படி வராதும்மா. கூட்டினா ஒண்ணு வருது, ஒன்பதுதான் வரணும். எங்க நோட்டுல எழுதினா லட்சம்னு முழுசா நிக்கவே நிக்காது. நீங்க குத்துமதிப்பா சொல்றீங்க."

"மூணு வருஷமா எழுதினவ நானு. எனக்குத் தெரியாதா? தொறந்து பாருங்க சாமி."

இந்த இடத்தில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "தொறக்கவே வேணாம்மா. எண்ணே சொல்லுது பொய்யுனு."

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் அலமாரியில் வைக்க நீட்டிய கையிலிருந்து மூட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "சந்தேகத்துல வெக்க நான் எழுதல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பதிவேட்டில் ஊர், கணவர் பெயர் எழுதி, பக்கத்தில் 'சந்தேகம், எடுத்துச் சென்றார்' என்று குறித்தேன். பொய் பிடிபட்டதும் ஓடுகிறார் என்றே நினைத்தேன்.

அதே வாரம் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டிலிருந்து வேனில் எழுபத்தைந்து நோட்டு வந்தது. அழகாக மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் வைத்து, மேலே 8,10,000 என்று எழுதியிருந்தது. எட்டும் ஒன்றும் ஒன்பது. ஒரு துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பதிவேட்டில் ஏற்றி ரசீது கொடுத்தேன். அதோடு மொத்தம் 1,02,51,252. கூட்டினேன், பதினெட்டு, ஒன்பது. செயலாளர் ஓடி வந்து என் தோளைத் தட்டினார். அழைப்புப் பத்திரிகையில் 'ஒரு கோடி நாமம்' என்று அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.

பலகை போடுவதற்கு முதல் நாள் காலை. மறுநாள் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். நிலவறைக்குள் நோட்டு அடுக்கும் வேலையை மேஸ்திரியிடம் விட்டிருந்தார்கள். அவருக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. மட்டப்பலகையும் முழக்கயிறும்தான் தெரியும். பதினோரு மணி வாக்கில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"கணக்கு சாரே, இங்க கொஞ்சம் இறங்கி வாங்க. இது எத்தினி நோட்டு?"

"எழுபத்தஞ்சு."

"அந்தாண்ட அடுக்கு?"

"அதுவும் எழுபத்தஞ்சு."

"அப்ப இது மட்டும் ஏன் ஒரு சாண் கம்மியா நிக்குது?"

பார்த்தேன். ஒரே அச்சகம், ஒரே காகிதம், அதே எழுபத்தைந்து. ஆனால் ஆலைக்காரர் அடுக்கு ஒரு சாண் குட்டையாக இருந்தது. மேஸ்திரி இரண்டு நோட்டை எடுத்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். "எழுதின நோட்டு உப்பிக்கும் சார். பேனா அழுத்தி அழுத்திப் பக்கம் ஒண்ணோட ஒண்ணு படியாது. என் பொண்ணு பரீட்சை நோட்டு அப்படித்தான் நிக்கும். இது கடையில வாங்கினது மாதிரியே சப்பையா கீது. உள்ள எழுதியிருக்குதா பாருங்க."

துணியை அவிழ்த்தேன். முதல் நாலு பக்கம் நிறைய நமசிவாய. கடைசி இரண்டு பக்கம் நிறைய நமசிவாய. நடுவில் முழுக்க வெள்ளை. அடுத்த நோட்டும் அப்படி. எழுபத்தைந்தையும் பிரித்துப் புரட்டினோம், எல்லாம் அப்படியே. ஆலைக்காரர் யாரிடம் எழுதச் சொன்னாரோ, அவர்கள் யாரை ஏமாற்றினார்களோ, இல்லை அவருக்கே தெரியுமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலிக் கட்டத்தையும் நூற்றெட்டால்தான் பெருக்கியிருக்கிறார்கள். அதனால் ஒன்பது வந்தது.

மேஸ்திரி குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "அவங்க கொண்டாந்தப்ப நீங்க தொறந்து பாக்கலியா?"

அந்தக் கேள்வியில்தான் பச்சையம்மாள் குரல் எனக்குக் கேட்டது. 'தொறந்து பாருங்க சாமி.' ஆலைக்காரர் ஆள் அப்படிச் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னார்.

பதிவேட்டில் ஊரைப் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நாளைக்குப் பலகை மூடிவிட்டால், அந்த மூன்று வருடத்துக்கு இந்த மண்ணில் இடமே கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து பத்திரிகையின் பின்பக்கத்தில், அதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். லட்சத்தை நூற்றெட்டால் வகுத்தேன். தொள்ளாயிரத்து இருபத்தைந்து பக்கம் போய், நூறு மிஞ்சியது. நூறு கட்டம். அடுத்த பக்கத்தில் நூறு கட்டம் எழுதி, எட்டை விட்டுவிட்டால் லட்சம் முழுசாக நிற்கும். நிற்கவே நிற்காது என்று அடித்துச் சொன்னேனே! எல்லோரும் பக்கத்தை நிரப்பித்தான் கொடுப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பொய். அந்த அம்மா சொன்னது இல்லை.

வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவர் கணவர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார், வலது கை மடங்கியபடி. பச்சையம்மாள் என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"யாரு வந்திருக்கறது பாருங்க. நோட்டைத் தொறக்காமலே பொய் கண்டுபிடிக்கிற சாமி."

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்."

"ஓ. இப்ப எண்ணு இன்னா சொல்லுதாம்?"

"கடைசி நோட்டுல எட்டு கட்டம் காலியா இருக்குதாம்மா?"

அந்த அம்மா உள்ளே போய் மூட்டையைக் கொண்டுவந்து என் எதிரில் போட்டார். "எண்ணிட்டுச் சொல்லுங்க. இருக்குது இல்லனு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நீங்க நம்புற ஆளில்ல."

எண்ணினேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒன்பது நோட்டு நிறைவு. பத்தாவதில் இருபத்தைந்து பக்கம் நிறைவு. இருபத்தாறாவது பக்கத்தில் கடைசி வரிசையில் ஒரே ஒரு நமசிவாய, அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. அப்புறம் எட்டுக் கட்டம் காலி.

"எட்டு எழுதினா பக்கம் முடிஞ்சிருக்குமேம்மா" என்றேன். ஏன் கேட்டேனோ.

"இவருக்குக் கை கால் இழுத்து வாய் கோணி, ஏழு மாசம் ஒரு பேச்சு இல்ல. பேச்சு வந்தா லட்சம் எழுதறேன்னு வேண்டிக்கினேன். வந்துச்சு, எழுதினேன். அதுக்கு மேல ஒண்ணு எழுதினாலும் அடுத்த வேண்டுதலு ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். ஆரம்பிச்சா முடிக்கணும். இப்ப இவரு பேசற பேச்சுக்கு, வாய மூட வெக்கறதுக்கே இன்னொரு லட்சம் எழுதணும் போலக் கீது. அதான் பயந்துகினு நிறுத்திட்டேன்."

ஏழுமலை சிரித்தார். பேச்சு மெல்ல, இழுத்து இழுத்து வந்தது. என் கையிலிருந்த பத்திரிகையைக் காட்டி, "அதுல... இன்னா போட்டிருக்குது?" என்றார்.

"ஒரு கோடி நாமம்னு."

"லட்சத்தைக் கூட்டினா ஒண்ணு வருதுனு... பொய்யுனு சொன்னீங்களாம். கோடியக் கூட்டினா... எவ்ளோ?"

"ஒண்ணுதாங்க."

"அப்ப அதை மட்டும்... எப்படி அச்சடிச்சீங்க?"

இந்த அம்மா வாயால் லட்சம் என்றபோது சந்தேகப்பட்டேன். பெரிய மனிதர்கள் கோடி என்று அச்சடித்தபோது எனக்கு ஏன் கூட்டத் தோன்றவில்லை? இதைத்தான் வருடக்கணக்காக எழுத முடியாமல் இருந்தேன்.

"நாளைக்குக் காலையில மூடறாங்கம்மா. மூட்டையைக் குடுங்க, நான் எடுத்துனு போறேன்."

"உங்க கையிலயா? வேணாம். மொத பஸ்ஸுக்கு நானே வரேன்."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேங்கிக்காலில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எழுபத்தஞ்சையும் கழிச்சா எவ்ளோ நிக்கும்?"

"தொண்ணூத்தி நாலு லட்சத்து நாப்பத்தோராயிரத்து எரநூத்தி அம்பத்திரண்டு. அந்த அம்மாவுது சேந்தா தொண்ணூத்தஞ்சு லட்சத்துச் சொச்சம்."

"பத்திரிகை போயிடுச்சுய்யா! நாலரை லட்சத்தை இப்ப எவன் உக்காந்து எழுதுவான்? இத்தனை வருஷமா ஒன்பது ஒன்பதுன்னு ஊரையே சந்தேகப்பட்டீங்களே, உங்களை யாரு கூட்டிப் பாத்தது?"

"யாரும் பாக்கல சார். தப்பு என்னுதுதான்."

"அந்த நோட்டுங்க உள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே. கோடின்னே வெட்டிடலாம். மூடினப்புறம் யாரு எண்ணப் போறாங்க?"

"அதுதான் சார் எனக்குப் பயமா இருக்குது. மூடினப்புறம் எண்ண முடியாது. நாம கல்லுல வெட்டறதைத்தான் ஜனங்க நம்பியாகணும்."

அவர் எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. கடைசியில் திரும்பாமலே சொன்னார்: "உள்ளதை வெட்டச் சொல்லுங்க. ஆலைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கு நீங்க என் கண்ணுல படாதீங்க." மறுநாள் அவரேதான் எனக்கு முதல் விபூதி கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

காலை ஏழு மணிக்கே பச்சையம்மாள் தலையில் மூட்டையோடு வந்து நின்றார். என்னிடம் கொடுக்கவில்லை. நேராகப் போய் நிலவறைக்குள் நின்ற மேஸ்திரியிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். "நல்லா உப்பியிருக்குதும்மா" என்றார். பச்சையம்மாள் அதுவரை அழவில்லை. அதைக் கேட்டுத்தான் அழுதார்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எண் 'தப்பு' என்று சொன்னால் திறந்து பாருங்கள். 'சரி' என்று சொன்னால் இன்னும் நன்றாகத் திறந்து பாருங்கள். சந்தேகப்படுவது நம் வேலைதான், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப்பட்டவன் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் ஒருவரை நாலு பேர் முன்னால் பொய்யர் என்று சொன்னால், அது கணக்கில் சேராது. அகங்காரத்தில் சேரும். இப்போது கம்ப்யூட்டரில் கூட்டுகிறீர்களாம். அதுவும் நோட்டைத் திறந்து பார்க்காது.

நேரம் கிடைக்கும்போது மண்டபத்தில் அந்தப் பலகையைப் பாருங்கள். கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தாலும் இலக்கம் தெரியும்: 95,41,252. கூட்டுங்கள். ஒன்பது வராது. இருபத்தெட்டு, பத்து, கடைசியில் ஒன்று. என் பதிவேட்டில் அதுவரை ஏறிய எந்த மொத்தத்திலும் அந்த ஒன்று கிடையாது. எட்டுக் கட்டத்தைக் காலியாக விட்ட ஒரு அம்மாவால் வந்த ஒன்று அது. நான் வேலையில் இருந்தவரை தினமும் அந்த ஒன்றைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஜன்னலைத் திறந்தேன்.

உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்க வேண்டாம், அந்த அம்மாவைத் தெய்வமாக்கவும் வேண்டாம். கேட்பவர்கள், "அப்ப கோடி சேந்துச்சுன்னு சொல்லுங்க" என்பார்கள். சேரவில்லை. லட்சத்தை லட்சமாகவும், தொண்ணூற்றைந்தை அதன் சில்லறையோடும், கல்லில் இருக்கிறபடியே சொல்லுங்கள்.